பஞ்சு வீட்டில் ஓர் உமித் தலையணை

எங்கள் வீட்டில் பதினேழு தலையணைகள் இருக்கின்றன. படுப்பதற்கு ஆள் இரண்டே பேர், நானும் என் வீட்டுக்காரரும். மகள் பெங்களூரிலிருந்து வந்தால் மூன்று. பரண், பீரோவின் மேல்தட்டு, அரிசி டிரம்முக்குப் பின்னால் என்று எங்கே கை வைத்தாலும் ஒரு தலையணை தட்டுப்படும். எல்லாம் இலவம் பஞ்சு. எல்லாம் என் அண்ணன் கொடுத்தவை.

நான் பிறந்தது போடியில். அப்பாவுக்கு அங்கே பஞ்சு வியாபாரம். முன்பக்கம் மெத்தை தலையணைக் கடை, பின்பக்கம் பஞ்சுக் கிட்டங்கி, மாடியில் நாங்கள். பங்குனி வந்தால் மலையடிவாரத் தோப்புகளிலிருந்து இலவ நெற்று மூட்டை மூட்டையாக வந்து இறங்கும். அதை உடைத்துக் கொட்டை நீக்கும் நாட்களில் வீட்டில் பஞ்சு பறக்காத இடமே கிடையாது. சோற்றில் பஞ்சு, மோரில் பஞ்சு, பள்ளிக்கூடம் போனால் என் சடையில் பஞ்சு. கூடப் படித்தவர்கள் என்னைக் கிழவி என்று கூப்பிட்டார்கள். அழுதுகொண்டே வீட்டுக்கு வருவேன். வந்ததும் பையைப் போட்டுவிட்டுக் கிட்டங்கிக்குள் ஓடி, அதே பஞ்சுக் குவியலில் குப்புற விழுவேன். அந்த வெதுவெதுப்பும், லேசான பச்சை மர வாசனையும் இன்றைக்கும் என் மூக்கில் இருக்கின்றன.

மாடியில் எனக்கும் அண்ணனுக்கும் சேர்த்து ஒரே நீளத் தலையணை. யாரோ அளவு கொடுத்துச் செய்யச் சொல்லிவிட்டு, பிறகு வேண்டாம் என்று விட்டுப் போனது. இரண்டு பேரும் ஆளுக்கொரு முனையில் தலை வைத்துப் படுப்போம். விடிந்து பார்த்தால் நான் நடுவில் கிடப்பேன். அண்ணன் தலையணையும் இல்லாமல், பாயும் இல்லாமல், மாடிப்படி வாசலருகே வெறுந்தரையில் கையை மடித்துத் தலைக்கு வைத்துத் தூங்கிக்கொண்டிருப்பார். அம்மா தினமும் ஒரே பாட்டைப் பாடுவாள். "பாவி மக, இன்னைக்கும் அண்ணன உருட்டிவிட்டுட்டாளே!"

எனக்கு உள்ளூரக் குற்ற உணர்வாக இருக்கும். எத்தனையோ நாள் சுவரோடு ஒட்டிப் படுத்துப் பார்த்திருக்கிறேன். சடையைச் சன்னல் கம்பியில் கட்டிக்கொண்டுகூடப் படுத்தேன். அப்படியும் காலையில் அண்ணன் தரையில்தான். அண்ணன் ஒரு வார்த்தை சொன்னதில்லை, சும்மா சிரிப்பார். என்னைப் பெண் பார்க்க வந்தவர்களிடமே அம்மா இந்தக் கதையைச் சொல்லிவிட்டாள். என் வீட்டுக்காரர் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். "பஞ்சு யாவாரி மகனையே தரையில படுக்க வச்சவ" என்பதுதான் முப்பது வருடமாக எனக்கு அவர் வைத்திருக்கும் பட்டம்.

கல்யாணத்தன்று சீர் வைக்கும்போது அப்பா மாப்பிள்ளை வீட்டாரிடம் ஒன்று சொன்னார். "எம்மக தல சாயிறது எங்க பஞ்சுலதான் இருக்கணும். அது நைய நைய நாங்க தாரோம்." சபையில் சும்மா ஒரு பேச்சுக்குச் சொன்னது. அப்பா காலமான பிறகு அண்ணன் அதைத் தன் தலையில் ஏற்றிக்கொண்டார். ஒவ்வொரு பொங்கலுக்கும் முதல் நாள் போடியிலிருந்து, தேனியை ஒட்டிய பழனிசெட்டிபட்டியில் இருக்கும் எங்கள் வீட்டுக்குச் சீர் கொண்டுவருவார். கரும்பு, பச்சரிசி, மஞ்சள் கொத்து, கூடவே நீலக் கோடு போட்ட துணியில் ஒரு புதுத் தலையணை. அதை ஆள் வைத்துச் செய்யமாட்டார். தானே உட்கார்ந்து கையால் அடைப்பார். இதற்கு மேல் ஒரு கைப்பிடி போகாது என்கிற வரைக்கும் அடைப்பார். பாசத்தில் குறை சொல்ல முடியாது. என் கழுத்துதான் தாங்கவில்லை.

கழுத்துக்கு வேறு காரணமும் உண்டு. எனக்கு ஆண்டிபட்டியில் அரசாங்க உத்தியோகம். தேனியிலிருந்து தினமும் பஸ், போகும்போது ஒரு தூக்கம், வரும்போது ஒரு தூக்கம். தலை சன்னலில் மோதி, பக்கத்து சீட்டு அம்மாளின் தோளில் விழுந்து, திட்டு வாங்கி நிமிர்ந்து, மறுபடியும் விழும். ஓய்வு பெறும்போது எல்லோருக்கும் மாலையும் சால்வையும் மிஞ்சும். எனக்குக் கழுத்து வலியும் மிஞ்சியது. பிசியோதெரபி செய்த பெண் நான் படுக்கும் உயரத்தைக் கையால் காட்டச் சொன்னாள். காட்டினேன். "தலையணை வச்சுப் படுக்குறீங்களா, சாக்கு மூட்டை வச்சுப் படுக்குறீங்களாம்மா?" என்றாள். முதலில் தலையணையை மாற்றச் சொன்னாள்.

மாற்றுவது அவ்வளவு லேசா? அண்ணனைத் தெரிந்தவர்களுக்குத்தான் என் பயம் புரியும். ஒருமுறை சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணத்தில் மாப்பிள்ளை அறைக்கு ரப்பர் தலையணை வாங்கிப் போட்டிருந்தார்கள். அண்ணன் பார்த்தார். மொய் எழுதினார். பந்தியில் உட்காராமல் பஸ் ஏறிவிட்டார். இன்றைக்கும் அந்த வீட்டோடு பேச்சு வார்த்தை கிடையாது. சொந்தத் தங்கையே அப்பா சொன்ன சொல்லைத் தள்ளிவிட்டாள் என்றால் அடுத்த பொங்கலுக்கு வாசல்படி மிதிப்பாரா? அம்மாவும் போன பிறகு பிறந்த வீடு என்று எனக்கு இருப்பது அவர் ஒருவர்தான்.

வலி அதிகமானதும் பயத்தை மூட்டை கட்டி வைத்துவிட்டுத் தேனியில் கடை கடையாக ஏறினேன். ஒரு தலையணையை அமுக்கிப் பார்த்தேன். கையை எடுத்த பிறகும் கை வைத்த பள்ளம் போகாமல் அப்படியே இருந்தது. எனக்கு என்னவோ போலிருந்தது, வைத்துவிட்டேன். இன்னொன்று இரண்டு பக்கம் மேடும் நடுவில் பள்ளமுமாக இருந்தது. அதில் புரண்டு படுப்பதென்றால் வழி கேட்டுத்தான் படுக்க வேண்டும். ஒன்று பஞ்சு மாதிரி இருந்தது, ஆனால் பஞ்சு இல்லை. எங்கள் வீட்டில் வளர்ந்தவளிடம் அந்த வித்தை செல்லுமா?

கடைசியில் மகள்தான் போனில் உமித் தலையணை ஒன்றைக் காட்டினாள். பக்வீட் என்று ஒரு தானியமாம். பெயரில்தான் கோதுமை, மற்றபடி கோதுமைக்கும் அதற்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை. குளிர்ந்த மலை நாடுகளில் விளைவது. அதன் மூன்று மூலைத் தோலைக் காயவைத்து உள்ளே நிரப்பியிருக்கிறார்கள். ஓரத்தில் ஜிப் இருக்கிறது. உயரம் வேண்டாம் என்றால் இரண்டு கை அள்ளி வெளியே எடுத்துவிடலாம். அந்த ஒன்றுதான் என்னைச் சாய்த்தது. வேண்டிய அளவுக்குக் குறைத்துக்கொள்ளலாம் என்று எனக்கு யாரும் அதுவரை சொன்னதில்லை.

மகள் அனுப்பியது வந்து இறங்கியதும் நான் செய்த முதல் காரியத்தை அவளிடம் இன்னும் முழுதாகச் சொல்லவில்லை. புதுத் தலையணை என்றால் மொட்டைமாடி வெயிலில் போட்டுக் கம்பால் நாலு சாத்து சாத்தி எடுக்க வேண்டும். பஞ்சு வீட்டுப் பெண்ணுக்கு அது ரத்தத்தில் இருக்கிறது. வெயில் பட்டால் பஞ்சு உப்பும், அடித்தால் உதிரும். உமி உப்பவில்லை. மூன்றாவது அடியில் ஜிப் பிளந்து, மாடி முழுக்கக் கறுப்பாகக் கொட்டியது. குருவிகள் வந்து கொத்திப் பார்த்து, ஒன்றுமில்லை என்று கோபித்துக்கொண்டு போயின. முறத்தை எடுத்துவந்து புடைத்து, தூசியைத் தள்ளி, உமியைச் சேர்த்தேன். உமியை வைத்துக்கொண்டு மற்றதை ஊதித் தள்ளியவள் இந்த ஜில்லாவில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். கீழே இருந்து பார்த்த வீட்டுக்காரர், "இன்னைக்கு உமிச் சோறா?" என்று கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டார்.

ஆனால் தலை வைத்தபோது தெரிந்தது. சூடே இல்லை. தலை திரும்பின பக்கம் உமியும் சரசரவென்று நகர்ந்து, கழுத்துக்கு அடியில் வந்து தாங்கிக்கொண்டது. முதல் வாரம் அந்தச் சத்தம் காதுக்குள் நெற்று உடைக்கிற மாதிரி இருந்தது. அப்புறம் பழகிவிட்டது. பல வருடங்களுக்குப் பிறகு கழுத்தைப் பிடிக்காமல் எழுந்தேன். சந்தோஷமாக இருந்தது. திருடினவளுக்கு வருகிற சந்தோஷம். அண்ணன் தந்த கோடு போட்ட உறை ஒன்றைக் கழற்றி அதன் மேல் மாட்டி மறைத்து வைத்தேன்.

ஐப்பசியில் ஒருநாள் அண்ணன் சொல்லாமல் கொள்ளாமல் வந்து நின்றார். தேனியில் ஒரு விடுதிக்கு மெத்தை இறக்கிவிட்டு அப்படியே வந்திருக்கிறார். வீட்டுக்காரர் வெளியே போயிருந்தார். இருந்த புளிக்குழம்பையும் அப்பளத்தையும் வைத்துச் சாப்பாடு போட்டேன். "செத்த நேரம் சாயுறேன் ஆத்தா" என்று சொல்லி உள்ளறைக் கட்டிலுக்குப் போனார். நான் தட்டைக் கழுவிக்கொண்டிருந்தேன். உள்ளே சரசரவென்று சத்தம் கேட்டது. அந்தத் தலையணையை எடுத்து ஒளித்து வைக்க மறந்திருந்தேன்.

எட்டிப் பார்த்தேன். அண்ணன் எழுந்து உட்கார்ந்து, தலையணையை ஒரு கையில் தூக்கி எடை பார்த்துக்கொண்டிருந்தார். நாற்பது வருடம் பஞ்சு பிடித்த கை. என்னைப் பார்க்கவில்லை. அதை மறுபடியும் கீழே வைத்து, தலை சாய்த்து, கண்ணை மூடிக்கொண்டார். நான் அடுப்படியிலேயே நின்றேன். பஸ் ஏறிப் போய்விடுவார் என்று நினைத்தேன். பத்து நிமிடத்தில் குறட்டை கேட்டது. இரண்டு மணி நேரம் தூங்கினார். அண்ணன் பகலில் அப்படித் தூங்கி நான் பார்த்ததே இல்லை.

எழுந்ததும் காபி கொண்டுபோனேன்.

"இது நம்ம பஞ்சு இல்லையே" என்றார்.

"இல்லண்ணே. உமி. கழுத்து வலின்னு... அந்தப் புள்ள வாங்கிக் குடுத்துச்சு. உன் தலையணையெல்லாம் பத்திரமா இருக்குண்ணே." என் வாய் என்னென்னவோ உளறியது.

அவர் தலையணையை அமுக்கி, மூக்கருகில் வைத்து மோந்து பார்த்தார். "இதுல தூசி வராதோ?"

"வரலண்ணே."

"நான் தலையணை வச்சுப் படுத்து எத்தன வருசமாச்சு தெரியுமா?" என்று காபியைப் பார்த்துக்கொண்டு கேட்டார். "பஞ்சு எனக்கு ஆகாது ஆத்தா. தல வச்சாப் போதும், மூக்கு அடச்சு நெஞ்சு இழுக்க ஆரம்பிச்சிரும். வேட்டிய மடிச்சு வச்சுத்தான் படுக்கிறது."

எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. "அப்ப அந்தக் கல்யாணத்துல எதுக்கு அந்தக் குதி குதிச்ச?"

"யாவாரத்துக்குக் குதிக்க வேண்டாமா?" என்று சிரித்தார்.

"டாக்டர்கிட்டக் காட்டலையா?"

"காட்டுனேன். பஞ்சுகிட்ட நிக்காதீகன்னாரு. வேற எங்கிட்டு நிக்க? சின்னதுலேர்ந்தே இப்படித்தான். அப்பாவுக்குத் தெரியாது. தெரிஞ்சா கடையவே மூடியிருப்பாக. பஞ்சு யாவாரி மகனுக்குப் பஞ்சு ஆகலைன்னு எவன்கிட்டச் சொல்ல? உங்க மதினிக்கு மட்டும்தான் தெரியும். நீ மாப்ளகிட்டக்கூடச் சொல்லாத."

சின்னதிலிருந்தே என்று அவர் சொன்னதும் எனக்கு அந்த மாடிப்படி வாசல் கண்ணில் வந்து நின்றது. காற்று வருகிற ஒரே இடம் அதுதான். தலையணையை எடுத்து அவர் மடியில் வைத்தேன். வேண்டாம் என்றார். கொண்டுபோனால்தான் ஆச்சு என்றேன். ஒரு பை எடுக்கப் போனபோது, "உறைய மட்டும் மாத்தாத, அப்படியே குடு. பஜார்ல பாத்தா நம்ம சரக்குன்னுதான் நெனப்பாக" என்றார்.

இன்னொன்று வாங்கி அனுப்புகிறேன் என்றாள் மகள். பொங்கல் போகட்டும் என்று சொல்லிவிட்டேன். அதுவரை ஒரு வேட்டியை மடித்து வைத்துப் படுத்தேன். அண்ணன் இத்தனை காலம் படுத்த மாதிரி நானும் படுத்துப் பார்க்க வேண்டும் போல இருந்தது. நன்றாக இல்லை. ஒவ்வொரு வருடமும் அந்த நெஞ்சோடு பஞ்சுக்கு முன்னால் உட்கார்ந்து எனக்காக அடைத்திருக்கிறார் என்ற நினைப்புதான் வந்துகொண்டிருந்தது.

பொங்கலுக்கு முதல் நாள் அண்ணன் வந்தார். கரும்பு, அரிசி, மஞ்சள், நீலக் கோட்டுத் தலையணை. கையில் வாங்கினால் எடையே இல்லை. பாதிதான் அடைத்திருந்தார். ஓரத்தில் தையலுக்குப் பதில் ஜிப் வைத்திருந்தார். "கூட இருந்தா எடுத்துக்க, கம்மியா இருந்தாச் சொல்லு" என்றார். மூச்சு எப்படி என்று கண்ணால் கேட்டேன். நல்லா இருக்கு என்று தலையை ஆட்டினார்.

என் வீட்டுக்காரர் தலையணையை வாங்கித் தூக்கிப் பார்த்தார். சும்மா இருப்பாரா? "என்ன மச்சான், பாதிதான் இருக்கு? சின்ன வயசுல உங்கள உருட்டிவிட்டதுக்கு இப்பத்தான் பழி வாங்குறீகளா?"

நான் அண்ணனைப் பார்த்தேன். அவர் வழக்கம்போலச் சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை.

"அவ ஒருநாளும் என்னத் தள்ளல மாப்ள" என்றார். "எனக்குப் பஞ்சு ஆகாது. மூச்சு முட்டும். நானாத்தான் எந்திரிச்சுப் போயித் தரையில படுத்தேன். சொல்லத் தைரியம் இல்லாம அவளத் திட்டு வாங்க விட்டுட்டேன்."