ஹேர்பின் வளைவில் கோலப்பொடி

இன்று காலை ராஜகீழ்ப்பாக்கத்தில் தெருமுனையைத் திரும்பும்போது ஒரு கோலத்தின் ஓரத்தில் ஸ்கூட்டரை ஏற்றிவிட்டேன்.

"இன்னா சார், அவ்ளோ பெரிய ரோடு கீது, என் கோலம்தான் கெடச்சுதா?" என்றார் வாசலில் நின்ற பெண்மணி. மன்னிப்புக் கேட்டுவிட்டு, குனிந்து டயரைத்தான் பார்த்தேன். ஓரத்தில் விரலகலத்துக்கு வெள்ளை. பழக்கம் விடாது.

பல வருடங்களுக்கு முன் திருமுடிவாக்கத்தில் ஒரு லேத் பட்டறையில் அளவு சரிபார்க்கும் வேலை எனக்கு. ஞாயிற்றுக்கிழமைகளில் பைக் பந்தயத்துக்கு மார்ஷல், அதாவது கொடி காட்டுகிறவன். ட்ராக் என்பது கைவிடப்பட்ட விமான ஓடுதளம். வண்டிகள் வரிசைகட்டிக் கிளம்பும் கிரிட், முழு வேகம் எடுக்கும் ஸ்ட்ரெய்ட், கொண்டை ஊசியாய் மடங்கும் ஹேர்பின், வண்டி வந்து நிற்கும் பிட், எல்லாவற்றையும் டைரியில் ஸ்கேல் வைத்து வரைந்திருக்கிறேன். அந்த வயதில் மற்றவர்கள் காதல் கடிதம் எழுதினார்கள்.

வளைவின் உள்விளிம்பை வண்டி தொட்டுப்போகும் இடம் ஏபெக்ஸ். நல்ல ட்ராக்கில் அங்கே சிவப்பு வெள்ளையாக கெர்ப், அதாவது ஓரக்கல் வரிசை, இருக்கும். எங்களுக்கு வெறும் வெள்ளைக் கோடு. அதற்கு உள்ளே புகுந்து குறுக்கே போனால் முதலிடம் கிடையாது. புழுதியில் யார் புகுந்தது என்று தெரியாது. எனவே கோட்டுக்கு உள்பக்கம் கோலப்பொடி தூவினேன். சாய்ந்து திரும்பும்போது டயரின் ஓரம்தான் தரையைத் தொடும், நிமிர்ந்தபின் தொடாது. அதனால் கடைசி வளைவின் பொடி உதிராமல் பிட் வரை வரும். இன்றைக்கும் அது நல்ல யோசனைதான்.

ஜோசப் எங்கள் பட்டறை மெக்கானிக், என் நண்பன், பந்தயத்தில் ஏழாம் எண் வண்டி ஓட்டுகிறவன். ஒரு ஞாயிற்றுக்கிழமை, அன்று ஜெயித்தால் அவனை ஒரு டீமில் சேர்த்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தார்கள். கடைசிச் சுற்றில், கடைசி வளைவான ஹேர்பினில், இரண்டு வண்டிகள் ஒட்டியபடி புழுதிக்குள் மறைந்தன. ஜோசப் முதலில் வந்தான். பொடியில் ஒரு டயர்த் தடம்.

பிட்டுக்கு நடந்தேன். வழக்கமாக இரண்டு நிமிடம். அன்று ஐந்து ஆனது. ஜோசப் துணியும் கையுமாகச் சக்கரத்தருகே உட்கார்ந்திருந்தான். டயரோரம் வெள்ளை.

"இன்னா மச்சான், ஊர்ந்துகினு வர? நான் தொடச்சிக்கட்டும்னா?"

"தொடச்சிருக்கலாமே."

"தொடச்சா நீ துணியப் பாப்ப. உன்னத் தெரியாதா? எழுது."

டைரியில் எழுதினேன்: கடைசிச் சுற்று, ஹேர்பின், ஏழாம் எண், கோட்டுக்கு உள்ளே. அவன் கிரீஸ் படிந்த கட்டைவிரலை டயரோரத்தில் தேய்த்து, அந்த வரிக்குக் கீழே அழுத்தி ஒற்றினான். "கையெழுத்துப் போட்டாச்சு, போ." டீம் வேறொருவனை எடுத்துக்கொண்டது.

ஜோசப் இப்போது சிறுசேரியில் கம்பெனி பஸ்களைப் பராமரிக்கிறான். ஓடுதளத்தைப் புல் மூடிவிட்டது. ஹேர்பின் இருந்த இடத்தை என் வரைபடத்தை வைத்தும் கண்டுபிடிக்க முடியவில்லை. இன்று வீட்டுக்கு வந்ததும் அந்தப் பக்கத்தைத் திறந்தேன். கிரீஸ் ரேகை வரிவரியாக அப்படியே இருக்கிறது. வெள்ளைதான் இல்லை. எப்போது உதிர்ந்தது என்று நான் எழுதிவைக்கவில்லை.