தம்பி பார்க்காத இரண்டாவது ஆட்டம்

கட்டாரிலிருந்து தம்பி திரும்பி வந்தபோது ஒரு சிவப்புச் சட்டை போட்டிருந்தான். நெஞ்சில் ஏதோ சின்னம். முதுகில் எங்கள் யாருக்கும் வாசிக்கத் தெரியாத எழுத்து. அம்மா அவனைக் கட்டிப்பிடித்து அழுது முடித்துவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டே, "இது எந்த யூனியன் சட்டைடா?" என்று கேட்டார். தம்பி சிரித்தான். சிரித்தபோதுதான் முகம் எவ்வளவு ஊதியிருக்கிறது என்று தெரிந்தது. கால் செருப்புக்குள் அடங்கவில்லை.

அங்கே அவன் உயரமான கட்டடங்களுக்கு இரும்புச் சாரம் கட்டினான். வெயிலில் நாள் முழுக்க நின்று வேலை செய்கிறவர்களுக்குச் சிறுநீரகம் கெட்டுப்போவது அங்கே பழக்கமான விஷயம்தான் என்று பிறகு டொக்டர் சொன்னார். அன்றிலிருந்து வாரத்தில் மூன்று நாள் நமுனுகுலையிலிருந்து பஸ் ஏறி, பதுளை ஆஸ்பத்திரிக்குப் போய், இரத்தம் சுத்தம் செய்துகொண்டு வருவதே அவனுடைய வேலையாகிவிட்டது. நான் தேயிலைத் தோட்டப் பள்ளிக்கூடத்தில் சின்ன வகுப்புகளுக்குப் படிப்பிக்கிறேன். லீவு கிடைக்கும் நாட்களில் நான் கூடப் போவேன். மற்ற நாட்களில் அம்மா.

அவனுக்கு அங்கே ஒரே ஒரு சினேகிதன். எகிப்துக்காரன், கிரேன் ஓட்டுகிறவன். ஒரே அறையில் பல வருஷம் இருந்திருக்கிறார்கள். அந்த அறையின் டிவி ரிமோட் எப்போதும் எகிப்துக்காரன் கையில்தானாம். வேறு வழியில்லாமல் தம்பி உதைபந்தாட்டம் பார்க்கத் தொடங்கி, கடைசியில் அவனைவிட அதிகமாகக் கத்துகிறவனாகிவிட்டான். சிவப்புச் சட்டை அந்தச் சினேகிதனுடைய ஊர் அணியின் சட்டை. பெயர் சொல்லிக் கூப்பிடும் பழக்கம் இருவருக்கும் இல்லை. ஒருவரையொருவர் "சதீக்" என்றுதான் கூப்பிட்டுக்கொள்வார்கள். அரபியில் நண்பன் என்று அர்த்தம்.

போன வருஷம் அந்தச் சிவப்பு அணி ஆபிரிக்கக் கழகங்களின் இறுதியாட்டத்துக்கு வந்தது. எங்கள் தோட்டத்தில் கிரிக்கெட் பார்ப்பார்கள், வொலிபோல் விளையாடுவார்கள். ஆபிரிக்காவில் யார் கப் எடுத்தால் யாருக்கு என்ன? ஆனால் தம்பி ஒரு மாதம் முன்பிருந்தே அதே பேச்சாக இருந்தான்.

"ரெண்டு ஆட்டம்க்கா. ஒண்ணு அவங்க ஊர்ல, ஒண்ணு இவங்க ஊர்ல. ரெண்டுலயும் அடிச்ச கோலக் கூட்டிப் பாத்துத்தான் கப்பு."

"ஒரே ஆட்டத்துல முடிச்சா என்ன?"

"யாரு ஊர்ல வைக்கிறதுன்னு சண்ட வராதா?"

முதல் ஆட்டம் தெற்கே ஏதோ ஒரு நாட்டில், எங்களுக்குச் சனிக்கிழமை பொழுது சாயும் நேரம். நாங்கள் குடியிருக்கும் லயத்தில் சிக்னல் வராது. கொழுந்து நிறுக்கும் மடுவத்துக்கு ஏறினால்தான் போனில் படம் ஓடும். தம்பி இரண்டு இடத்தில் நின்று மூச்சு வாங்கி, என் தோளைப் பிடித்துக்கொண்டு ஏறினான். மடுவத்துத் திண்டில் கம்பளியைப் போர்த்தி அவனை உட்காரவைத்தேன். அவனுடைய போனில் ஆட்டம், என்னுடைய போனில் எகிப்துக்காரன். அவனுக்கு அங்கே ஆட்டம் கொஞ்சம் முந்தி ஓடியது போலிருக்கிறது. முதலில் என் போனில் ஒரு பெரிய கூச்சல் கேட்டது. தம்பி, "சொல்லாத, சொல்லாத!" என்று தமிழிலேயே கத்தினான். கொஞ்ச நேரம் கழித்து எங்கள் திரையில் கோல் விழுந்தது. தம்பி எழுந்து நின்றுவிட்டான். கம்பளி கீழே விழுந்தது. அவன் அப்படித் தானாக எழுந்து நின்று நான் பார்த்துப் பல மாதமாகியிருந்தது.

முடியப்போகும் நேரத்தில் மற்ற அணியும் ஒன்று அடித்துச் சமன் செய்தது. எனக்கு வருத்தமாக இருந்தது. தம்பிக்கு வருத்தமே இல்லை.

"அவன் ஊர்ல போய் ஒண்ணுக்கு ஒண்ணு எடுத்தாச்சு. இனி நம்ம ஊர்ல வச்சு முடிச்சிருவோம்" என்றான். நமுனுகுலையில் உட்கார்ந்துகொண்டு அவன் 'நம்ம ஊர்' என்றது கெய்ரோவை.

புதன்கிழமை காலை நெஞ்சு பாரமாக இருக்கிறது என்றான். அது ஆஸ்பத்திரி நாள் அல்ல. நான் பள்ளிக்கூடத்துக்குச் சேலை கட்டிக்கொண்டிருந்தேன். பக்கத்து லயத்து அண்ணனின் ஆட்டோவில் அம்மாவும் நானும் அவனை நடுவில் வைத்துக்கொண்டு புறப்பட்டோம். தோட்டத்து ரோட்டில் குழி இல்லாத இடம் கிடையாது. பாதி வழியில், "கொஞ்சம் நிப்பாட்டுங்கண்ணே, வாந்தி வருது" என்றான். இறங்கி, தேயிலைச் செடியைப் பிடித்துக்கொண்டு குனிந்தான். நிமிரவில்லை. அண்ணனும் நானும் தூக்கி உள்ளே வைத்தோம். அதற்குப் பிறகு அண்ணன் குழி எதையும் பார்க்காமல் ஓட்டினார். அம்மா அவன் காலைத் தன் மடியில் எடுத்து வைத்து ஆஸ்பத்திரி வாசல்வரை தேய்த்துக்கொண்டே வந்தார். அங்கே அவனைத் தொட்டுப் பார்த்த டொக்டர் என்னைத்தான் தனியாகக் கூப்பிட்டார்.

வெள்ளிக்கிழமை மேட்டுத் தேயிலைக்குப் பக்கத்தில் அடக்கம் செய்தோம். மழை தூறிக்கொண்டிருந்தது. தப்பு மேளச் சத்தம் பள்ளத்தாக்கில் இறங்கித் திரும்பி வந்தது.

சனிக்கிழமை காரியத்துக்குச் சாமான் வாங்க பதுளைக்குப் போனேன். பையில் தம்பியின் போன் இருந்தது. பஸ் டவுனை நெருங்கி சிக்னல் வந்ததும் அது துடிக்கத் தொடங்கிவிட்டது. எல்லாம் எகிப்துக்காரன் அனுப்பிய குரல் பதிவுகள். எல்லாம் அரபி. அவனோடு எனக்கு ஓட்டை ஆங்கிலத்தில் பேச முடியும். ஆனால் இந்தச் செய்தியை அப்படி அரைகுறையாகச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் போன் திருத்தும் கடை வைத்திருக்கும் முஸ்லிம் அண்ணனை எல்லோரும் நானா என்றுதான் கூப்பிடுவோம். பல வருஷம் சவூதியில் இருந்தவர். தம்பிக்குப் பழக்கமானவர். அவரிடம் போனேன்.

விஷயத்தைச் சொன்னதும் கையிலிருந்த ஸ்க்ரூடிரைவரைக் கீழே வைத்தார். பிறகு பதிவுகளை ஒவ்வொன்றாகப் போட்டுக் கேட்டார்.

"இதில சிரிக்கிறார் டீச்சர். 'ஏன் பேச்ச காணோம், கடைசியில கோல் வாங்கினதுக்குக் கோவமா'ன்டு கேக்குறார்."

அடுத்ததைப் போட்டார். "சனிக்கிழமைக்கு அறைய துப்புரவாக்கி வெச்சிருக்காராம். 'ஒன்ட எடத்தில ஒருத்தரையும் உக்கார விட மாட்டேன்'ங்கிறார்."

கடைசிப் பதிவில் சிரிப்பு இல்லை. நானா அதை இரண்டு தடவை கேட்டார். "'மருந்து எடுத்தியா, ஆஸ்பத்திரிக்குப் போனியா, ஒரு சொல்லு அனுப்பு, போதும்'ன்டு சொல்றார்."

கடையின் கதவை நானா பாதி சாத்தினார். தம்பியின் போனிலிருந்தே எகிப்துக்காரனை அழைத்தார். முதல் மணியிலேயே எடுத்துவிட்டான். "சதீக்!" என்று அவன் கத்தியது கடை முழுக்கக் கேட்டது. நானா மெதுவாகப் பேசினார். நீளமாகப் பேசினார். சாவைச் சொல்லும் 'மௌத்' என்ற ஒரு சொல் மட்டும் எனக்குப் புரிந்தது. பதுளையில் வளர்ந்த யாருக்கும் புரியும் சொல் அது. அந்தப் பக்கம் ஒரு வளர்ந்த ஆண் அழுவது கேட்டது. நானா போனைக் காதிலிருந்து எடுக்காமல் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார்.

கடைசியில் என்னிடம் சொன்னார்: "ஒங்கட உம்மா எப்பிடி இருக்காங்கன்டு கேக்குறார். இன்டைக்கு ராவு இரண்டாவது ஆட்டமாம். அவர் பாக்க மாட்டாராம். நாளைக்குக் காலையில அந்தப் பதிவ ஒங்களோட சேந்து பாக்கலாமான்டு கேக்குறார்."

"சாவு வீடு நானா. எப்படிப் பாக்கிறது? வேணாம்னு சொல்லிடுங்க."

"நான் இப்ப சொல்ல மாட்டேன் டீச்சர். போய் உம்மாட்ட ஒரு வார்த்த கேட்டுப் பாருங்க."

வீட்டுக்கு வந்து சொன்னேன். அம்மா அடக்கத்தன்றிலிருந்து யாரோடும் பேசாமல் சுவரோரம் உட்கார்ந்திருந்தார். "அவன் பாக்கணும்னு இருந்த ஆட்டம்தானே?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். "அப்ப போவோம்" என்றார். வந்திருந்த சித்தி, "கருமாதி கூட முடியலயே, ஊர் என்ன பேசும்?" என்று தடுத்தார். "பேசட்டும். எம்மகனுக்காகப் போறேன்" என்றார் அம்மா.

ஞாயிற்றுக்கிழமை கொழுந்து இல்லை. மடுவம் வெறிச்சோடிக் கிடந்தது. அம்மாவும் நானும் திண்டில் உட்கார்ந்தோம். எகிப்துக்காரன் வீடியோவில் வந்தான். நரைத்த தாடி, சிவந்த கண். நெஞ்சில் கை வைத்து, "அம்மா" என்றான். தம்பி கற்றுக்கொடுத்த சொல்லாக இருக்கும். அம்மா கையெடுத்துக் கும்பிட்டார்.

ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணி இரண்டு பக்கமும் ஒன்றாக ஆட்டத்தைப் போட்டோம். அம்மாவுக்கு ஒன்றும் தெரியாது. "நம்மாளுங்க செவப்பா?" என்று கேட்டுக்கொண்டார். அதற்குப் பிறகு சிவப்புச் சட்டைக்காரர்கள் பந்தோடு ஓடும்போதெல்லாம் அவர் உதடு அசைந்தது. சாமியைக் கூப்பிடுகிறார் என்று தெரிந்தது. எகிப்துக்காரன் ஒவ்வொரு முறையும் கையைத் தூக்கினான், தலையில் அடித்துக்கொண்டான், கத்தினான்.

இரண்டாம் பாதியில் திடீரென்று அமைதியானான். அவன் முகத்தை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். அவன் திரையைப் பார்க்கவில்லை, அம்மாவைப் பார்த்துக்கொண்டிருந்தான். சற்று நேரத்தில் மற்ற அணி கோல் அடித்தது. அப்போதுதான் எனக்கு விளங்கியது. அவனுடைய நாட்டுக்காரர்கள் அத்தனை பேர் இருக்கிற விடுதியில், முந்தின இரவு முடிவு காதில் விழாமல் இருந்திருக்க முடியாது. தோல்வி என்று தெரிந்தேதான் எங்களோடு உட்கார்ந்து அத்தனை கத்தும் கத்தியிருக்கிறான்.

ஆட்டம் முடிந்தது. அம்மா என்னிடம், "போச்சா?" என்றார்.

"போச்சும்மா."

அம்மா அழுதார். அடக்கத்தன்று அழாத அழுகை அது. எகிப்துக்காரன் அழைப்பைத் துண்டிக்காமல் காத்திருந்தான்.

அழுது முடிந்ததும் அம்மா போனை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். "எம்புள்ள படுத்த எடத்தக் காட்டச் சொல்லு" என்றார். எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொன்னேன். அவன் உடனே எழுந்தான். இரும்புக் கட்டில் ஒன்றின் மேல் தட்டைக் காட்டினான். இப்போது அங்கே வேறொருவரின் போர்வை கிடந்தது. சட்டை மாட்டும் ஆணியைக் காட்டினான். நடைபாதை வழியாக நடந்துபோய்க் குழாயைக் காட்டினான், சமையல் கட்டைக் காட்டினான். அடுப்புகளில் நின்றவர்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள். "இங்கயா சோறாக்குனான்?" என்று அம்மா கேட்டார். அவனுக்குக் கேள்வி புரிந்ததோ என்னவோ, ஆமாம் என்று தலையாட்டினான். திரும்பி அறைக்கு வந்து ஜன்னலைக் காட்டும்போது சிக்னல் போய்விட்டது.

இறங்கி வரும்போது அம்மா என் கையைப் பிடித்திருந்தார்.

"பெரிய ஜன்னலு. நல்லா காத்து வந்திருக்கும்" என்றார்.

மண் அடிக்கும் என்று அந்த ஜன்னலைத் திறக்கவே மாட்டார்கள் என்று தம்பி என்னிடம் சொல்லியிருக்கிறான். "ஆமாம்மா, வந்திருக்கும்" என்றேன்.