படம் முடியுமட்டும் வரவேண்டாம்

அண்ணாவின் பிள்ளைகள் இரண்டையும் அந்தக் கார்ட்டூன் படத்துக்குக் கூட்டிக்கொண்டு போகச் சொன்னது என் தங்கச்சிதான். பேப்பரில் விளம்பரம் வந்த நாளிலிருந்து எட்டு வயது மூத்தவளின் நச்சரிப்பும் நாலு வயது சின்னவனின் அழுகையும் தாங்க முடியவில்லை. "படம் இங்கிலீசில அக்கா. நீ பக்கத்தில இருந்து கதை சொன்னாத்தான் ரெண்டுக்கும் விளங்கும். நானும் வாறன்" என்றாள். எனக்கு மனம் குளிர்ந்துபோனது.

சனிக்கிழமை, புறப்படும் நேரம் பார்த்து அவளுக்குத் தலையிடி. நெற்றியில் துணியைக் கட்டிக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துவிட்டாள். தைலம் பூசிவிட்டேன். நானும் நிற்கட்டுமா என்றுகூடக் கேட்டேன். "நீர் போம், நான் பாக்கிறன்" என்று அண்ணி என் கையில் குடையைத் திணித்து, பாமன்கடைச் சந்திமட்டும் வந்து த்ரீவீலர் பிடித்துத் தந்தார். அதுவரை அண்ணி என்னை வழியனுப்ப வாசலுக்குக்கூட வந்ததில்லை. அதையாவது யோசித்திருக்க வேண்டாமா, மடைச்சி நான்.

வெள்ளவத்தையில் தியேட்டர் நிறையப் பிள்ளைகள். பக்கத்தில் ஒரு தாய் சிங்களத்தில் கதை சொல்ல, நான் தமிழில் சொல்ல, முன்வரிசைக்காரர் திரும்பித் திரும்பி முறைத்தார். இங்கிலீசு எனக்கும் அரைகுறைதான். விளங்காத இடங்களில் நானே இட்டுக்கட்டினேன். சூனியக்காரி நல்லவள்போல வந்து, இளவரசியைக் காட்டுக்குப் பூப்பறிக்க அனுப்பினாள். "பாவம், அவவுக்கு ஒண்டும் தெரியாது" என்று பிள்ளைகளுக்குச் சொன்னேன்.

சூனியக்காரி தன் உண்மை முகத்தைக் காட்டியதும் சின்னவன் வீரிட்டுக் கத்தினான். என் மடியெல்லாம் ஈரம். தூக்கிக்கொண்டு வெளியே வந்தேன். மூத்தவள் முகத்தை நீட்டிக்கொண்டு பின்னால் வந்தாள். "படம் முடியுமட்டும் வரவேண்டாமெண்டு அம்மா சொன்னவ, மாமி" என்றாள். தலையிடிக்காரி நித்திரை கொள்ளட்டும் என்று சொல்லியிருப்பார் என நினைத்தேன்.

வீட்டு வாசலில் ஏழெட்டுச் சோடி செருப்பும் சப்பாத்தும். உள்ளே அண்ணா நல்ல சேர்ட் போட்டுக்கொண்டு இருந்தார். எதிரே ஒரு பெடியனும் தாய் தகப்பனும் இனசனமும். நடுவில் என் தங்கச்சி தேத்தண்ணித் தட்டத்தோடு நின்றாள். தலையில் மல்லிகைப்பூ. கட்டியிருந்தது என்னுடைய நீலச் சேலை.

எனக்குச் செவ்வாய்க் குற்றம். வயது முப்பத்துநாலு. வந்த சம்பந்தமெல்லாம் சாதகத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனவைதான். எனக்காகக் காத்திருக்க வேண்டாம், சின்னவளுக்கு முதலில் செய்யுங்கள் என்று போன வருடமே அண்ணாவிடம் நான்தான் சொன்னேன். பெண்பார்க்க வருகிறார்கள் என்று அந்தச் சனிக்கிழமையும் ஒரு சொல் சொல்லியிருந்தால், நானே பயித்தம்பணியாரம் சுட்டு அடுக்கி, அவளுக்குத் தலையும் இழுத்துப் பின்னிவிட்டிருப்பேன். என் தலையில் மிளகாய் அரைத்துவிட்டார்கள்.

"ஆர் இது?" என்று பெடியனின் தாய் கேட்டார்.

அண்ணா மின்விசிறியைப் பார்த்தார். மூத்தவள் வாயைத் திறக்க, அண்ணி அவளைக் குசினிக்குள் இழுத்துக்கொண்டு போனார்.

"அண்ணியின்ர ஒண்டுவிட்ட தங்கச்சி" என்றாள் என் தங்கச்சி. குரல் நடுங்கவில்லை. அவள் நெற்றியில் நான் பூசிய தைலம் இன்னும் மணத்தது.

அந்த அம்மா என்னைப் பார்த்து அன்பாகச் சிரித்தார். பிறகு அவளிடம் திரும்பினார். "எங்கட மகனுக்கு ரெண்டு கிழமைதான் லீவு. எல்லாம் சரிவந்தா அதுக்குள்ள கலியாணத்தை முடிக்க வேணும். லண்டனில கட்டியிருக்கிற உம்மட அக்கா வந்து சேருவாவோ?"

லண்டனில் கட்டியிருக்கிற அக்கா. எனக்குத் தெரியாமல் என்னைக் கட்டியும் கொடுத்து, கடலும் கடத்திவிட்டிருந்தார்கள். தட்டத்தில் கோப்பைகள் ஒன்றோடொன்று முட்டின. அப்போதுதான் தங்கச்சி என்னை நிமிர்ந்து பார்த்தாள். நான் ஒரு வார்த்தை சொன்னால் அந்தச் சம்பந்தம் அங்கேயே முறிந்துவிடும். அது அவளுக்கும் தெரியும்.

சின்னவனை மற்றத் தோளுக்கு மாற்றிக்கொண்டேன்.

"வரமாட்டா அம்மா" என்றேன். "அவவை எனக்கு நல்லாத் தெரியும்."

சொன்னபடியே அந்தக் கலியாணத்துக்கு நான் போகவில்லை.