வேரோடு பிடுங்கிய புண்ணியம்

இதை எழுத எட்டு வருடம் தயங்கினேன். சாமி காரியமாகப் போன இடத்தில் நடந்த தப்பை வெளியே சொல்லலாமா என்ற பயம். இங்கே நியூசிலாந்தில் சனிக்கிழமைதோறும் ஒரு ஓடைக்கரைக்குப் போகிறேன். ஊர்க்காரர்கள் சம்பளமில்லாமல் அங்கே செடி நடுகிறார்கள். ஒவ்வொரு கன்றுக்கும் பக்கத்தில் அடையாளத்துக்கு ஒரு குச்சி, குச்சியில் சிவப்புத் துணி. மட்கிய கட்டையை நான் அப்புறப்படுத்தப் போனால், கூட நடும் மார்கரெட் அம்மா கையைப் பிடித்துத் தடுக்கிறார். அதில் பூச்சி குடியிருக்கிறதாம். சுத்தம் செய்வது எங்களுக்கு ‘ஹோலி ஒர்க்’ என்று விளக்கினேன். அவர் காதில் ‘ஹோல்’ என்று விழுந்ததோ என்னவோ, குழி தோண்ட மண்வெட்டியை நீட்டினார்.

நான் சொன்னது உழவாரப் பணியை. திருவொற்றியூரில் எங்கள் குழு ஞாயிறுதோறும் கோயில் பிராகாரத்துப் புல்லை உழவாரம் என்ற இரும்புக் கருவியால் வேரோடு செதுக்கி எடுக்கும். ஒரு வேர் மிஞ்சினாலும் சிவனுக்குக் குறை என்று பழகியவர்கள் நாங்கள். எட்டு வருடத்துக்கு முன் ஒரு கோடையில், எண்ணூர் கழிமுகத்தில் அலையாத்தி மரம் வளர்க்கும் மீனவர்கள் எங்களை உதவிக்கு அழைத்தார்கள். கரையைச் சுத்தம் பண்ணிக் கொடுங்கள் என்றார்கள். அவர்கள் நினைத்தது பிளாஸ்டிக்கையும் கிழிந்த வலையையும். நாங்கள் பதிகம் பாடிக்கொண்டே மத்தியானத்துக்குள் கரையைப் பிராகாரமாகவே ஆக்கிவிட்டோம்.

கன்னியம்மா வந்தாள். அந்தச் சேற்றில் கையால் தடவி இறால் பிடித்துப் பிழைப்பவள். வேர் இருந்தால்தான் இறால் ஒதுங்கும் என்று போன மழைக்கு அலையாத்திக் கன்றுகளை நட்டவளும் அவள்தான்.

"இன்னாய்யா பண்ணிகீறீங்க?"

"சுத்தம் பண்ணிட்டோம்மா" என்றேன்.

"சுத்தம். சுத்தமா பூட்ச்சு." நாங்கள் புல்லோடு பிடுங்கிப் போட்ட கன்றுக் குவியலைக் காலால் கிளறினாள். "ஆடு மேஞ்சாகூட வேரை வுட்டுட்டுப் போவும். சாமி கும்புடுற ஆளுங்க, வேரோட புடுங்கிக்கீறீங்களே."

"புல்லுன்னு நெனச்சோம்மா" என்றார் எங்கள் தலைவர்.

"ஒரு வார்த்த கேக்க வாய் இல்லியா? பாட மட்டும் நல்லா வாய் கீது."

பக்கத்தில் ஒரு குச்சியாவது நட்டிருக்கக் கூடாதா என்று எனக்கு அவள்மேலேயே கோபம் வந்தது. அந்த வாரம் கோயிலில் எங்களுக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். நானும் குனிந்து வாங்கிக்கொண்டேன். அதை நினைத்தால் இன்றும் என்மேல் எனக்கே எரிச்சல்.

மனசு கேட்காமல் அவளிடம் போய், மழைக்கு மறுபடி நட நானும் வருகிறேன் என்றேன்.

"வா நைனா. அந்த இரும்ப மட்டும் வூட்லயே வெச்சுட்டு வா."

மழைக்கு முன்பே மகன் ஏற்பாடு செய்த விசா வந்துவிட்டது. அவளிடம் சொல்லிக்கொள்ளாமலே விமானம் ஏறினேன்.

இப்போது, பெயரைக்கூடச் சரியாகச் சொல்ல வராத ஓடைக்குக் கன்று நட்டுக்கொண்டிருக்கிறேன். இவர்கள் கைகுலுக்கிப் பாராட்டுகிறார்கள். முழங்கால் இந்த ஊர்ச் சேற்றில். மனசு எண்ணூர்ச் சேற்றில், நடாத கன்றோடு நிற்கிறது.

கரை வேலைக்குப் போகும் கோயில் குழுக்களிடம் இதைச் சொல்லுங்கள். தெரியாமல் செய்தார்கள் என்று எனக்காக ஒரு வார்த்தை சேர்க்க வேண்டாம். கேட்காமல் பிடுங்கினார்கள் என்றே சொல்லுங்கள்.