பொடி அலசிய தண்ணீர்

சிலுவைராஜ் காந்தத்தைப் பிளாஸ்டிக் பையில் போட்டு, கயிற்றால் இறுகக் கட்டி, சாயக் கழிவுநீர்த் தொட்டிக்குள் இறக்குவார். சுங்கை ரோடு பழைய சாமான் சந்தையில் வாங்கியது. ஏதோ ஒலிபெருக்கியின் வயிற்றில் இருந்த காந்தம். மேலே வரும்போது பை முழுக்கக் கரும்பொடி, தேனீக்கள் மாதிரி அப்பியிருக்கும். தொட்டியின் அடித்தரை தெரியும்.

"காலையில ரோஸ் கலர்ல பண்டோங் சர்பத் மாதிரி கெடந்துச்சு. இப்பப் பாருங்க!"

அவர் வேலை செய்தது லாவெண்டர் தெருப் பக்கம் ஒரு சாரோங் கைலிச் சாயப்பட்டறையில். பாலிடெக்னிக் ஆசிரியர் ஒருவர் அந்தப் பொடியைக் கொடுத்தது எண்பத்து மூன்றில். இரும்புத்தூளும் கரியும் சேர்ந்தது. தொட்டியில் தூவினால் சாயம் பொடியில் ஒட்டும். பொடி காந்தத்தில் ஒட்டும். காஸ்டிக் சோடா கலந்த வெந்நீரில் அலசினால் பொடி சாயத்தை விட்டுவிடும். மறுபடி தூவலாம்.

ஞாயிற்றுக்கிழமை லூர்து மாதா கோயில் வாசலில் சட்டைப்பையிலிருந்து மருந்துப்புட்டி வெளியே வரும். உள்ளே தொட்டித் தண்ணீர். "குடிக்கலாம் போல இருக்கா? குடிச்சிராதீங்க லா." மனைவி பிரிஜட் நாலடி தள்ளிப்போய் நின்றுகொள்வார்.

ஆனாலும் பின்பக்கக் கால்வாய் அடிக்கடி சிவந்தது. இன்னொரு முறை சிவந்தால் பட்டறைக்குப் பூட்டு என்று சுற்றுச்சூழல் அதிகாரி எழுதிக் கொடுத்தார். நாற்பது பேருடைய வேலை.

"மாதா சத்தியமா நம்ம தண்ணி இல்ல சார். பக்கத்துப் பெயிண்ட்காரனைக் கேளுங்க" என்றார் சிலுவைராஜ்.

செவ்வாய்க்கிழமை அவர் பொடி அலசிக்கொண்டிருந்தார். சாய அண்டாவில் வேலை செய்யும் ஹனீபா வந்து குந்தினார்.

"அண்ணே, அலசுன சாயம் எங்க போவுது?"

"இந்தத் தரை ஓட்டையில."

"ஓட்டை எங்க போவுது?"

"கக்கூஸ் குழாய்க்குத்தான். ஆங் மோ கியோவுல என் வீட்டு பாத்ரூம்ல அப்படித்தானே?"

"இது பழைய கட்டடம் லா."

சிலுவைராஜ் சிரித்தார். "நான் கால்வாய்ல நின்னு பாக்கறேன். நீ ஒரு வாளி ஊத்து. ஒண்ணும் வரலன்னா எனக்கு ஒரு தே தாரேக் டீ வாங்கித் தரணும்."

கால்வாய்ப் படியில் இறங்கி நின்று கத்தினார். "ஊத்து!"

எதிரே பட்டறைப் பக்கக் காரைச் சுவரில் ஒரு குழாய். மழைநீர்க் குழாய் என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தார். அதிலிருந்து முதலில் ஒரு சொட்டு விழுந்தது. பிறகு கெட்டியாக, கசாப்புக்கடைச் சாக்கடைபோல, சிவப்பு. ஒரு வாரம் தொட்டியிலிருந்து எடுத்த சாயமெல்லாம் ஒரே வாளியில். அது அவருடைய கால்களைச் சுற்றிக்கொண்டு ஆற்றுப் பக்கம் நகர்ந்தது.

"அண்ணே, வந்துச்சா?" மேலேயிருந்து ஹனீபா. "இன்னொரு வாளி ஊத்தட்டா?"

சிலுவைராஜ் சட்டையைக் கழற்றிக் குழாயின் வாயில் திணித்து, இரண்டு உள்ளங்கைகளாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டார்.