அணைக்காமல் வைத்த கம்ப்யூட்டர்

கம்ப்யூட்டரும் குத்துவிளக்கும் ஒரே சாதி என்று நான் மனதார நம்பியிருந்தேன். நல்ல காரியத்துக்கு ஏற்றினால், காரியம் முடியும்வரை அணையக் கூடாது. இப்போது சொன்னால் என் பிள்ளைகள் சிரிக்கிறார்கள். எண்பதுகளின் கடைசியில், மலேசியாவின் கோலசிலாங்கூரில் சிரிக்க ஆள் கிடையாது. கம்ப்யூட்டரைக் கண்ணால் பார்த்தவர்களே குறைவு.

அப்போது நான் கல்யாண வீடியோக்காரன். சுற்றியிருந்த ரப்பர் தோட்டங்களில் காதுகுத்து முதல் திருமணம் வரை என் கேமராதான். வீட்டு முன்னறையில் இரண்டு வீடியோ டெக்குகள் இருந்தன. ஒன்றில் படத்தை ஓட்டி, வேண்டிய இடத்தை மட்டும் மற்றதில் பதிவேன். மணமக்கள் பெயரை வெள்ளை அட்டையில் எழுதி, ஓரத்தில் காகிதப் பூ ஒட்டி, அதையும் படம் பிடித்துச் சேர்ப்பேன். எல்லாரும் திருப்தியாகத்தான் இருந்தார்கள், பக்கத்து ஊர் தஞ்சோங் காராங்கில் ஒரு பையன் கம்ப்யூட்டர் வாங்கும்வரை.

அவனும் வீடியோக்காரன், என்னைவிட இளையவன், சுருட்டை முடி. அவன் எடுத்த படங்களில் பெயர்கள் வலப்பக்கமிருந்து மிதந்து வந்து, மணமேடைக்கு மேலே நின்று மின்னின. முதல்முறை பார்த்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. "அவன் கேமரா கோணல்" என்றேன் மனைவியிடம். "ஆமா, பேரு மட்டும் நேரா வருது" என்றாள்.

மனைவியின் சங்கிலி அடகுக்கடைக்குப் போனது. கோலாலம்பூரிலிருந்து ஒரு பழைய கம்ப்யூட்டர் என் வீட்டுக்கு வந்தது. இரண்டு டெக்குகளுக்கும் நடுவில் அதை மாட்டினால், ஓடும் படத்தின் மேல் எழுத்து ஏறும். தமிழ் எழுத்து அதில் கிடையாது. மவுஸைப் பிடித்துப் புள்ளி புள்ளியாக வரைய வேண்டும். கடைக்காரன் சொல்லிக்கொடுத்தபோது 'நல்வரவு' என்று ஒன்று வரைந்து, பிளாப்பியில் சேமித்தும் வைத்திருந்தேன். எனக்குத் தெரிந்த கம்ப்யூட்டர் கல்வி அவ்வளவுதான்.

முதல் வேலை ஒரு தோட்டத்தில் ஆட்களை மேற்பார்க்கும் மண்டோர் மகளின் கல்யாணம். கல்யாணத்தைப் படம் பிடித்தாகிவிட்டது, வரும் ஞாயிற்றுக்கிழமை மறுவிருந்து. மாப்பிள்ளை வீட்டார் கெர்லிங்கிலிருந்து வருவார்கள், தோட்ட மண்டபத்தில் டிவி வைத்துப் படம் போட வேண்டும். மண்டோர் கோயில் கமிட்டியிலும் இருந்தார். "பேரு பறந்து வரணும் லா தம்பி, அந்தத் தஞ்சோங் காராங் பையன் படத்துல வர்ற மாதிரி. நல்லா இருந்தா திருவிழா வீடியோவும் ஒனக்குத்தான்" என்று சொல்லிவிட்டார். அந்த 'மாதிரி' என்ற சொல் என் காதில் குளவியாகச் சுற்றியது.

நல்ல நேரம் பார்த்து, கம்ப்யூட்டருக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, சூடம் காட்டி சுவிட்சைப் போட்டேன். கல்யாண வேலை அல்லவா? படம் முடியும்வரை அணைப்பதில்லை என்று முடிவு.

அந்த வாரம் சந்தையில் சுருட்டை முடி எதிரே வந்தான். நான் கம்ப்யூட்டர் வாங்கியது அவனுக்குத் தெரிந்திருந்தது. "அண்ணே, கல்யாணப் படம் பெரிய வேல. செஞ்சத அப்பப்ப பிளாப்பியில ஏத்திட்டு, மிஷின ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க. ரொம்ப நேரம் ஓடினா மக்கர் பண்ணும்" என்றான்.

எந்தப் போட்டிக்காரனாவது தொழில் ரகசியத்தைக் கத்திரிக்காய்க் கடை ஓரத்தில் இலவசமாகக் கொடுப்பானா? என் வளர்ச்சி பொறுக்காமல் வயிறெரிகிறான், அணைக்கவைத்துக் கெடுக்கப் பார்க்கிறான் என்று எனக்குத் தெளிவாகப் புரிந்துவிட்டது. வீட்டுக்கு வந்ததும் சுவிட்சின் மேல் பிளாஸ்டர் ஒட்டினேன். யாரும் தொடக் கூடாது என்று அறிவித்தேன்.

"அதுக்குத் தட்டுல சோறும் வைக்கட்டுமா?" என்று கேட்டாள் மனைவி.

இரவும் பகலும் அது எரிந்துகொண்டே இருந்தது. மணமகள் பெயர், மாப்பிள்ளை பெயர், இரு வீட்டார் பெயர்கள், கடைசியில் 'நன்றி' எல்லாம் வரைந்தேன். பிளாப்பியில் ஏற்றவில்லை. அணைக்கவே போவதில்லை, பிறகு எதற்கு?

சனிக்கிழமை காலை, பெயர்களைப் படத்தின் மேல் ஏற்ற உட்கார்ந்தேன். மவுஸை அசைத்தேன். அம்புக்குறி அசையவில்லை. பின்னால் கல்யாணம் தன்பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. தாலி ஏறியது, அட்சதை விழுந்தது. அம்புக்குறி மட்டும் திரையில் ஒரே இடத்தில் நின்று, வந்தவர் போனவர் மூக்கையெல்லாம் குத்திக்கொண்டிருந்தது.

நான் அப்போது செய்தவற்றை வரிசையாகச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. மேசை விசிறியை அதன் முகத்துக்கு நேராகத் திருப்பினேன். முதுகில் தட்டிக்கொடுத்தேன். கடைசியில், எல்லாம் சுருட்டை முடியின் கண்தான் என்று, எலுமிச்சம்பழத்தைக் கம்ப்யூட்டரைச் சுற்றித் தெருவில் போட்டு மிதித்தேன். பழம் நசுங்கியது. அம்புக்குறி நகரவில்லை. நாளைக்கு மாப்பிள்ளை வீட்டார் முன்னால் மண்டோர் தலைகுனிவார், திருவிழா போகும், சங்கிலி திரும்பாது. நான் கூடத்தில் உட்கார்ந்து சத்தமாகவே அழுதேன்.

மனைவி பக்கத்து வீட்டுக்குப் போய், என்னைக் கேட்காமலே, சுருட்டை முடிக்கு போன் செய்துவிட்டாள்.

மழையில் நனைந்தபடி மோட்டார் சைக்கிளில் வந்தான். சந்தனத்தைப் பார்த்தான். பிளாஸ்டரைப் பார்த்தான்.

"கடைசியா எப்பண்ணே ஆஃப் பண்ணீங்க?"

"பண்ணவே இல்ல."

"எப்பலேர்ந்து?"

"பூசை போட்டதுலேர்ந்து."

சன்னல் பக்கம் திரும்பி நின்றான். தோள் மட்டும் குலுங்கியது. பிறகு பிளாஸ்டரை உரித்துச் சுவிட்சில் கை வைத்தான். நான் அவன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டேன். "கல்யாண வேலப்பா. அணைக்கக் கூடாது."

"அண்ணே, இது குத்துவிளக்கு இல்ல. விடுங்க."

அணைத்தான். மனைவி தேநீர் கொண்டுவந்தாள். அவன் ஊதி ஊதிக் குடித்தான். எனக்கு இழவு வீட்டில் குடிப்பது போல இருந்தது. பிறகு சுவிட்சைப் போட்டான். அம்புக்குறி மீன்குஞ்சு மாதிரி ஓடியது. ஆனால் நான் வரைந்தவை போய்விட்டன. பிளாப்பியில் இருந்த 'நல்வரவு' ஒன்றுதான் மிச்சம்.

ஈரச் சட்டையோடு அவனே உட்கார்ந்து பெயர்களை வரைந்துகொடுத்தான். ஒவ்வொன்றும் முடிந்ததும் பிளாப்பியில் ஏற்றினான். அவன் போட்ட 'ழ'வைப் பார்த்தேன். அந்தச் சுழியின் அழகு இருக்கிறதே, நன்றி சொல்ல வேண்டிய நேரத்தில் எனக்கு மறுபடி வயிறு எரிந்தது. 'நன்றி' வரைய நேரமில்லை. அதனால் படத்தின் கடைசியிலும் 'நல்வரவு' என்றே போட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை மண்டபத்தில் பெயர்கள் பறந்துவந்தன. எல்லாரும் கைதட்டினார்கள். படத்தின் கடைசியில் பெண் அழுதுகொண்டே காரில் ஏற, மேலே 'நல்வரவு' மின்னியது. "என்னங்க, போறப்ப வரவேற்கிறாங்க?" என்றார் மாப்பிள்ளையின் மாமா. மண்டோர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "எம் பொண்ணு எப்ப வேணாலும் வரலாம் லா" என்றார். நான் மூச்சுவிட்டேன்.

உடனே மண்டோர் என் பக்கம் திரும்பிக் கேட்டார். "பேரு யாரு எழுதினது? அழகா இருக்கே." பொய் நாக்கு நுனிவரை வந்தது. என் மனைவி என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். உண்மையைச் சொன்னேன். அந்த வருடத் திருவிழா வீடியோ அவனுக்குப் போனது. இரண்டாவது கேமரா பிடிக்க என்னைத்தான் கூப்பிட்டான்.

அவன் என்மேல் பொறாமைப்பட்டு, கண்வைத்து, மிஷினைக் கெடுக்கப் பார்ப்பதாக அந்த வாரம் முழுக்க நான் பலரிடம் கதை சொல்லியிருந்தேன். யோசித்துப் பார்த்தால் அந்தக் கதையில் பொறாமைக்காரன் ஒருவன்தான், அவன் மழையில் நனையவே இல்லை. இன்றும் பெரிய படவேலை வந்தால், சாப்பிட எழும்போது எல்லாவற்றையும் சேமித்துவிட்டுக் கம்ப்யூட்டரை அணைக்கிறேன். நடந்தது இவ்வளவுதான்: அவன் அணைக்கச் சொன்னான், நான் அணைக்கவில்லை, அது நின்றுபோனது.