மேய்ச்சல் நிலத்துச் சாவி

ஆடு மேய்கிற நிலத்தைத் திட்டக் காகிதத்தில் காலி இடம் என்று எப்படி எழுதினார்கள்? இதற்கு எனக்கு இன்றும் பதில் தெரியாது.

ஆட்டையாம்பட்டிப் பக்கம் எங்கள் ஊர் ஏரியை ஒட்டிய புறம்போக்கில் மரம் நடும் திட்டம் வந்தபோது, கம்பி வேலி போட்டு, கேட் வைத்து, சாவியை மகளிர் குழுவிடம் கொடுத்தார்கள். குழுவில் கல்லூரிவரை படித்தவள் என்பதால் அது என் பொறுப்பில் வந்தது. அதற்கு முந்தைய முறை வேலி இல்லாமல் நட்டிருந்தார்கள். ஆடுகள் புங்கனை மட்டும் முகர்ந்து பார்த்துவிட்டு ஒதுங்கின. வாகையில் குச்சிதான் மிஞ்சியது. அதனால் வேலி வேண்டும் என்று நானும் சொன்னேன்.

மழைக்குப் பிறகு உள்ளே புல் இடுப்பளவு வளர்ந்தது. வெளியே பக்கத்து வீட்டு அக்காவின் ஆடுகள் கம்பியில் மூக்கை வைத்துக்கொண்டு நின்றன. அந்த ஆடுகள்தான் அவருக்குப் பிழைப்பு.

"ஏனுங்க சாமி, நாங்க மேய்ச்ச எடத்துல இனி உங்க செடி மட்டுந்தான் மேயுமா?" என்று கேட்டார்.

சமைக்கும்போதும் பிள்ளைக்குச் சோறு ஊட்டும்போதும் அதே யோசனை. மறுநாள் தயங்கித் தயங்கிச் சொன்னேன்: "கேட்டத் தொறக்கறனுங்கக்கா. நீங்க மட்டும் வந்து புல்லறுத்துட்டுப் போங்க. ஆடு வெளியவே நிக்கட்டும்."

"ஆட்டுக்கு எல போட்டுப் பரிமாறச் சொல்றீங்க! அதுங்க என்ன, ஊட்டுக்கு வந்த மாப்பிள்ளையா?"

கேலி செய்தாலும் அரிவாளோடு வந்துவிட்டார். குழுவில் சிலர் முணுமுணுத்தார்கள். புல் காய்ந்தால் தீப்பிடிக்குமே என்று நான் சொன்னதும் ஒத்துக்கொண்டார்கள். இப்போது காலையில் அவர் புல் அறுக்க, என் மகள் வேலிக்கு வெளியே ஒரு கருப்புக் குட்டியைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். வாகை என் தலைக்கு மேல் போய்விட்டது. அதைப் பார்த்துவிட்டு வீடு திரும்பும் நாட்களில் மனம் நிறைந்திருக்கிறது.

கோடைதான் பயமாக இருக்கிறது. அறுக்கப் புல் இருக்காது. "வாகதான் ஒசந்துருச்சே, உதுந்த எலையாவது திங்கட்டும், உள்ள உடுங்க" என்கிறார் அக்கா. திட்டத்தைப் பார்க்கும் அலுவலரோ, மரம் நிலைக்கட்டும் என்கிறார். எப்போது நிலைக்கும் என்று கேட்டால், மேலே கேட்டுச் சொல்வதாகச் சொல்கிறார். சீக்கிரம் திறந்தால் ஆடுகள் பட்டையை உரித்துவிடுமோ, தாமதித்தால் அக்கா ஆடுகளை விற்றுவிடுவாரோ என்று இரண்டு பக்கமும் எனக்குக் கவலை.

ஆடு மேயும் இடத்தில் வாகை வளர்த்தவர்கள் இதைப் படித்தால் சொல்லுங்கள். அடிமரம் எவ்வளவு பருத்த பிறகு ஆட்டை உள்ளே விட்டீர்கள்? பட்டையைக் காப்பாற்ற என்ன செய்தீர்கள்? மாசிக்குள் தெரிந்தால், நானும் அக்காவும் பேசி ஒரு முடிவுக்கு வருவோம்.